நான்கு நாள் கஞ்சி

மேட்ரன் யாப்பிடம் மூன்று பேனாக்கள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, இன்னொன்று மை வற்றி விட்டுவிட்டு எழுதும் நீலம். பிற்பகல் மூன்று மணிக்கு மாரிவிக் அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு அறை நடுவில் கிடந்த மேசையில் உட்கார்ந்து, நான்கு கட்டில்காரர்களின் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறப்பாள். காலை ஆறு மணிக்கு இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது, எட்டுக்கு வலப்பக்கம், பத்துக்கு மல்லாக்க. குடித்த கஞ்சி, போன சிறுநீர், ரத்த அழுத்தம், தோலின் நிலை. இரண்டு கட்டம் நீலத்தில், ஒன்று கறுப்பில், அடுத்தது வற்றிய பேனாவில். பார்ப்பவர்களுக்கு வெவ்வேறு வேளையில் எழுதியதாகத் தெரியவேண்டும். இன்னும் வந்திராத மாலை ஆறு மணியையும் இரவு எட்டு மணியையும் அவள் அப்போதே முடித்துவிடுவாள்.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த மிஸ் லோக் இதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். முப்பத்தொரு வருடம் ஈப்போவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆவண அறையைக் கட்டி ஆண்டவர் அவர். லோக் ஸ்வீ கெங் என்ற பெயரைக் கேட்டால் அந்தக் காலத்தில் டாக்டர்களே எழுதியதை இன்னொரு முறை சரிபார்ப்பார்கள். செத்துப்போன நோயாளிக்கு மறுநாள் காலை காய்ச்சல் குறைந்ததாக எழுதிய நர்ஸையும், லீவில் இருந்த நாளில் வார்டைச் சுற்றிவந்ததாகக் கையெழுத்துப் போட்ட டாக்டரையும் தேதியை வைத்தே பிடித்துக் கொடுத்தவர். அப்படி ஒருவர் மாட்டிய அன்றைக்கு மட்டும் அவர் இரண்டாவது கோப்பை வெள்ளைக் காப்பி குடிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஃபைலுக்கு மாமியார் கிடையாதுல்ல, அதான் அதையே கட்டிக்கிட்டா" என்று கூட வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

எழுபத்துமூன்றாவது வயதில் பக்கவாதம் இடப்பக்கத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டது. பேச்சும் வலக்கையும் புத்தியும் தப்பின. கோலாலம்பூரில் இருந்த தம்பி மகன் கின் லூங் வந்து, வீட்டைப் பூட்டி, அவரை இந்த முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனான். பழைய மாடி பங்களா. இருபத்திரண்டு பேர் கிடந்தார்கள். அவர்களைத் தூக்க, கழுவ, ஊட்ட இரண்டே பெண்கள். மாடியில் ஒருத்தி, கீழே மாரிவிக். மாரிவிக் பிலிப்பைன்ஸ்காரி, ஊரில் நர்ஸுக்குப் படித்தவள். இங்கே பணிப்பெண்ணாகப் பதிந்திருந்தார்கள்.

காலை எட்டு மணிக்குத் துடைத்துப் படுக்கவைத்தால் மிஸ் லோக்கின் மேல் அடுத்த கை படுவது மாலை ஐந்துக்குத்தான். மூன்றாவது மாதம் முதுகுத்தண்டின் அடியில் எரிச்சல் கண்டது. பிறகு ஈரம் கசிந்தது. பிறகு ஐம்பது சென் காசு அளவுக்குப் புண் வாயைத் திறந்தது.

"மாரிவிக், இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு என்னைத் திருப்புனியா?"

"எழுதியிருக்கேனே ஆன்ட்டி."

"நான் கேட்டது அதில்லை."

மாரிவிக் பேனாவை மூடினாள். "எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான் ஆன்ட்டி. மேட்ரன் என்ன சொல்றாங்க தெரியுமா? காலிக் கட்டத்தைப் பார்த்தாதான் சோதனைக்கு வர்ற அதிகாரி வாயைத் திறப்பாராம். நிரம்பின கட்டத்தை எவனும் கேள்வி கேக்க மாட்டானாம்."

அது உண்மை என்பது மிஸ் லோக்குக்குத் தெரியாதா? அவருடைய ஆவண அறையிலும் காலிக் கட்டங்களுக்குத்தான் சிவப்பு மை விழுந்தது.

மாரிவிக் கெட்டவள் இல்லை. நேரம் கிடைத்தால் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவாள். கட்டும்போது ஏதாவது பாட்டை முணுமுணுப்பாள். கஞ்சி ஆறிப்போனால் தன் காசில் வாங்கிவைத்த முட்டையை அடித்துக் கலக்கிச் சூடாக்கித் தருவாள். அந்த வீட்டில் மிஸ் லோக்கைப் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் ஒரே ஆள் அவள்தான்.

மேட்ரன் பல் பிடுங்கப் போன ஒரு நாள், மிஸ் லோக் கெஞ்சிக் கேட்டதற்காக, மாரிவிக் கோப்பைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தாள்.

"சீக்கிரம் பாருங்க. அவங்க வர்றதுக்குள்ள வெச்சிடணும்."

மிஸ் லோக் வலக்கையால் பக்கம் புரட்டினார். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சுத்தமான கோப்பை அவர் பார்த்ததில்லை. ஒரு கட்டம் காலி இல்லை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அதில் இருந்த லோக் ஸ்வீ கெங் மூன்று வேளையும் வயிறார உண்டாள், இரண்டு மணிக்கொரு முறை புரண்டு படுத்தாள், நாள் தவறாமல் குளித்தாள், அவள் தோல் பூப்போல இருந்தது. கடைசியில் மேட்ரன் தன் கையால் எழுதிய குறிப்பு ஒன்று: "அவ்வப்போது மனக்குழப்பம். பணியாளர் மேல் வீண்பழி சொல்லும் வழக்கம். உறவினரிடம் தெரிவிக்கப்பட்டது." அதன் தேதியைப் பார்த்தார். அவர் சேர்ந்த இரண்டாம் நாள். அன்றைக்கு அவர் யாரிடமும் ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லப்போவதை முன்கூட்டியே பொய்யாக்கி வைத்திருந்தாள் மேட்ரன்.

மாதத்துக்கு ஒருமுறை கின் லூங் வருவான். மெங்லெம்பு ஊர் வறுகடலை ஒரு பொட்டலம் வாங்கிவருவான். அவரால் மெல்லமுடியாது என்பதை ஆறு மாதமாக அவன் கவனிக்கவில்லை. அந்த முறை அவன் உட்கார்ந்ததும் மிஸ் லோக் எல்லாவற்றையும் சொன்னார். திருப்பாதது, புண், மூன்று பேனா, எல்லாம். கின் லூங் கடலையை உரித்துத் தானே தின்றபடி கேட்டான். பிறகு மேட்ரனின் அறைக்குப் போனான். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினான். முகம் தெளிந்திருந்தது.

"கூமா, நான் முழுசாப் படிச்சேன்." அப்பாவின் அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒவ்வொரு ரெண்டு மணி நேரத்துக்கும் எழுதியிருக்காங்க. என் ஆபீஸ்ல கூட இப்படி ஒழுங்கா யாரும் எழுதமாட்டாங்க."

"எழுதியிருக்கு. செய்யல."

"டாக்டர் கையெழுத்துக்கூட இருக்கு கூமா."

"அந்த டாக்டர் இந்த அறைக்குள்ள காலே வெக்கலடா. வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போறான். வா, போர்வையைத் தூக்கி என் முதுகைப் பாரு."

கின் லூங் நெளிந்தான். அத்தை முறையில் இருப்பவரின் உடம்பைத் திறந்து பார்ப்பதா? "அதெல்லாம் மேட்ரன் பார்த்துப்பாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு இப்படிச் சந்தேகம் வரும்னு அவங்க அன்னிக்கே சொன்னாங்க. நீங்களும் காலம்பூரா ஃபைலைத்தானே நம்புனீங்க? இப்ப மட்டும் என்ன?"

போர்வை மேல் கிடந்த கடலைத்தோலை மிஸ் லோக் வலக்கையால் தட்டிவிட்டார்.

அவனுடைய கார் வாசலைத் தாண்டிய பிறகு மேட்ரன் யாப் வந்தாள். ஐம்பது வயது, பவுடர் வாசனை, மெல்லிய குரல். அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தலைமாட்டில் தொங்கிய அழைப்பு மணியின் கயிற்றைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டினாள். மதியக் கஞ்சி தட்டில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"மிஸ் லோக் சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லை மேட்ரன், இப்பதான் ஊட்டப்போறேன்" என்றாள் மாரிவிக்.

உறவினர் வருவதற்காகக் காலையிலேயே நிரப்பிவைத்த கோப்பைத் திறந்து மேட்ரன் விரல் வைத்துக் காட்டினாள். "பன்னெண்டரைக்கு முழுக் கிண்ணம்னு இருக்கே. ஒரு வேளைக்கு ரெண்டு தடவை ஊட்டுனா வயித்துக்கு ஆகுமா? எடுத்துட்டுப் போ."

"மேட்ரன்..."

"எடுத்துட்டுப் போன்னு சொன்னேன்லா."

தட்டு போயிற்று. மேட்ரன் மிஸ் லோக்கின் போர்வையை நீவிவிட்டு, பாசத்தோடு சொன்னாள்: "பசிக்கிற மாதிரி இருந்தா அதுவும் குழப்பம்தான். தூங்குங்க."

ஆகஸ்டு மாதம் இரண்டாம் வாரம் புண் சீழ்வைத்துக் குளிர்காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை மிஸ் லோக்குக்கு நினைவு தப்பவே, வேறு வழியில்லாமல் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள் மேட்ரன். வார்டில் அவரைக் குப்புறப் புரட்டிய மலாய் நர்ஸ் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "யா அல்லா, இவங்களை எந்தக் குப்பையிலிருந்து பொறுக்கிட்டு வந்தீங்க?" என்றாள். புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். நான்கு நாள் ஊசிமருந்து ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை, டிஸ்சார்ஜ் சீட்டில் சேர்த்த தேதியையும் அனுப்பிய தேதியையும் தெளிவாக எழுதி, திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சீட்டை மிஸ் லோக் தலையணை உறைக்குள் செருகிக்கொண்டார். ஏன் என்று அப்போது அவருக்கே தெரியாது. கைப்பழக்கம்.

திங்கட்கிழமை மேட்ரன் சந்தைக்குப் போயிருந்தபோது கோப்பைக் கேட்டார். மாரிவிக் தயங்கினாள், பிறகு கொண்டுவந்தாள். மிஸ் லோக் நேராக அந்த வாரத்துப் பக்கத்துக்குப் போனார்.

செவ்வாய், மதியம் பன்னிரண்டரை: கஞ்சி முழுக் கிண்ணம். புதன்: கஞ்சி முழுக் கிண்ணம், மீன் துண்டோடு. வியாழன், வெள்ளி: அதே. இரண்டு மணிக்கொரு முறை திருப்பியாகிவிட்டது. ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது. தோல் நல்ல நிலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலில் கிடந்த நான்கு நாளும் அவர் இங்கே வயிறு நிறையக் கஞ்சி குடித்திருந்தார்.

மிஸ் லோக் அந்த நான்கு தேதிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கோபம் வரவில்லை. எத்தனை வருடமாயிற்று இந்தச் சுகம் கிடைத்து! வாயில் காப்பியின் ருசிகூட வந்துவிட்டது.

மாரிவிக் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"அய்யோ. அந்த வாரம் அதிகாரி வர்றாங்கன்னு மேட்ரன் திங்கக்கிழமையே மொத்த வாரத்தையும் எழுதச் சொன்னாங்க ஆன்ட்டி. அப்புறம் நீங்க போனதும்... கிழிச்சுட்டு வேற எழுத மறந்துட்டேன். குடுங்க, இப்பவே மாத்திடறேன்."

மிஸ் லோக் கோப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். "வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"ஆன்ட்டி?"

"ஞாயித்துக்கிழமை என் தம்பி மகன் வர்றான்."

மாரிவிக் கட்டிலருகே மண்டியிட்டாள். "ஆன்ட்டி, அதுல இருக்கிற கையெழுத்து யாரோடது? என்னோடது. ஒவ்வொரு கட்டத்துலயும் என்னோடது. என் வேலை பர்மிட் மேட்ரன் கையில இருக்கு. ஊர்ல என் ரெண்டு பிள்ளைகளும் என் தங்கச்சி வீட்டுல நிக்கிறாங்க. வேணாம் ஆன்ட்டி."

"நீயா செய்யல, அவ சொல்லிச் செஞ்சே. நான் அதைச் சொல்லுவேன்."

"உங்க பேச்சை யாரு கேப்பா?"

"என் பேச்சை வேணாம். தேதியைக் கேப்பாங்க."

கையெழுத்துப் போட்டவனைத் தவிர வேறு யாரும் எந்த ஆஸ்பத்திரியிலும் தண்டனை பெற்றதில்லை என்பதை அந்த ஊரிலேயே மிஸ் லோக்கைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. எத்தனை கீழ்நிலை நர்ஸுகள் அவர் மேசை முன்னால் நின்று, "பெரியவங்க சொல்லித்தான் எழுதினேன்" என்று அழுதிருப்பார்கள்! அதெல்லாம் அந்தக் கணத்தில் அவருக்கு நினைவு வந்தது. வந்ததை ஒதுக்கினார். இந்த முறை வேறு மாதிரி நடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கே நினைத்திருந்தால் மாரிவிக் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டிருக்கலாம். ஆறு நாள் இருந்தது. அவள் கிழிக்கவில்லை. ஞாயிறு காலை புண்ணுக்குக் கட்டுப் போடும்போதும், "யோசிச்சீங்களா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். மிஸ் லோக் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கின் லூங் வந்ததும் அவர் கடலையைப் பற்றிப் பேசவில்லை, புண்ணைப் பற்றிப் பேசவில்லை. தலையணை உறையிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து நீட்டினார். "இதையும் ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படி. பன்னெண்டாம் தேதியிலிருந்து."

கோப்பு வந்தது. அவன் படித்தான். மறுபடி படித்தான். காது மடல் சிவந்தது. "மேட்ரன்! கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

மேட்ரன் வந்தாள், பார்த்தாள். ஒரே ஒரு நொடி அவள் இமை ஆடியது. மிஸ் லோக் அதற்காகவே காத்திருந்தார். பிறகு அவள் நெஞ்சில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடவுளே. மிஸ்டர் லோக், எனக்குத் தலையே சுத்துது. மாரிவிக்!"

மாரிவிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது மேட்ரன்."

"நாலு நாள் இங்க இல்லாதவங்களுக்கு எப்படி நீ கஞ்சி குடுத்தே?"

மாரிவிக் ஈரக்கையை மறுபடி துடைத்தாள். மிஸ் லோக்தான் கத்தினார்: "அவளைக் கேக்காதே! நீதானே எழுதச் சொன்னே? மூணு பேனா குடுத்து உக்கார வெச்சது யாரு?"

"மிஸ் லோக்" என்றாள் மேட்ரன், குரலை இன்னும் தாழ்த்தி. "உங்களுக்கு இவ்வளவு அநியாயம் நடந்திருக்கு. உங்க கோபம் எனக்குப் புரியுது."

"கூமா, மேட்ரன்தான் எழுதச் சொன்னாங்கன்னு எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கின் லூங் கேட்டான். குத்திக்காட்டக் கேட்கவில்லை. நியாயமாக விசாரிப்பதாகத்தான் நினைத்துக் கேட்டான்.

"மாரிவிக், நீ சொல்லு! வாயைத் திறந்து சொல்லேன்!"

மாரிவிக் மேட்ரனைப் பார்த்தாள். பிறகு மிஸ் லோக்கைப் பார்த்தாள். சொன்னால் பர்மிட்டும் பறிபோய்ப் போலீஸும் வரும், சொல்லாவிட்டால் ஊருக்கு ஒரு விமான டிக்கெட்டோடு முடியும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கவேண்டும். "நான்தான் சோம்பேறித்தனமா எழுதிட்டேன் சார். மன்னிச்சிடுங்க."

"இந்தப் பொண்ணை நான் சொந்தத் தங்கச்சி மாதிரி வெச்சிருந்தேன்" என்றாள் மேட்ரன். கண்ணில் நிஜமாகவே நீர் வந்திருந்தது.

கின் லூங் போகும்போது அத்தையின் வலக்கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை மாதத்தில் முதல்முறை. "நீங்க சொன்னது சரிதான் கூமா. நான்தான் நம்பாம விட்டுட்டேன். அவளை இந்த வாரமே அனுப்பிடறாங்களாம். இனிமே எல்லாம் சரியாயிடும்." அவன் மனதார மகிழ்ந்தான். அத்தைக்கு நியாயம் வாங்கிக்கொடுத்தவன் மாதிரி தோளை நிமிர்த்திக்கொண்டு காரில் ஏறினான்.

வியாழக்கிழமை காலை மாரிவிக் கடைசியாகக் கட்டுப் போட வந்தாள். பாட்டு முணுமுணுக்கவில்லை.

"நான் அவளைத்தான் மாட்டிவிட நினைச்சேன்" என்றார் மிஸ் லோக்.

"தெரியும்."

"என் மேல கோபமா?"

மாரிவிக் பஞ்சால் புண்ணின் விளிம்பைத் துடைத்தாள். அவள் கை எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது. "உள்ளே பையாட்டம் போகுது ஆன்ட்டி. இன்னும் கொஞ்ச நாள்ல எலும்பைத் தொட்டுடும். தினம் ரெண்டு தடவை கழுவணும். வர்றவங்ககிட்டே சொல்லுங்க."

"நான் சொன்னா யாரு கேப்பா?"

"அதை நான்தான் உங்ககிட்டே கேட்டேன்" என்றாள் மாரிவிக். அழுக்குப் பஞ்சைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். பதினொரு மணிக்கு வாசலில் வேன் வந்தது. மிஸ் லோக்கால் தலையைத் திருப்பி ஜன்னல் வழியே பார்க்க முடிந்தது. அவள் ஒரு பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் பையுமாக ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

புதிதாக வந்தவள் வாட்டசாட்டமானவள், பேசாதவள். மிஸ் லோக்கை அக்குளைப் பிடித்து அரிசி மூட்டையைப் போல இழுப்பாள். புண்ணைக் காட்டினால், அவள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுப் போர்வையை மூடுவாள். மேட்ரனும் பாடம் கற்றுக்கொண்டாள். வாரக் கணக்கில் முன்கூட்டி எழுதுவது அன்றோடு நின்றது. யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நாட்களுக்குக் குறுக்குக்கோடு போட்டு "இல்லத்தில் இல்லை" என்று சிவப்பில் குத்த ஒரு ரப்பர் முத்திரையும் செய்துவைத்துக்கொண்டாள். இப்போது அந்தக் கோப்புகளில் ஆவண அறையின் பழைய மிஸ் லோக் வந்து பார்த்தாலும் ஒரு பிசகு பிடிக்கமுடியாது. அதைச் செய்துகொடுத்தது தான்தான் என்று படுத்துக்கிடந்த மிஸ் லோக்குக்குப் புரிந்தது.

அக்டோபரில் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, இளகிய முகமுள்ள பெண். கீழ் அறையில் நான்கு கோப்புகளையும் நின்றபடியே புரட்டினார். தலையாட்டினார்.

"உண்மையா சொல்றேன் மேட்ரன், இந்த வட்டாரத்துலயே இவ்வளவு முழுசா யாரும் வெக்கல. இங்கே பாருங்க, ஒரு பணியாளர் தப்பு செஞ்சதையும் நடவடிக்கை எடுத்ததையும்கூட மறைக்காம எழுதியிருக்கீங்க."

"மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் மேட்ரன்.

அதிகாரி ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்து குனிந்தார். "ஆன்ட்டி, எப்படி இருக்கீங்க? நல்லா பார்த்துக்கறாங்களா?"

காலையிலிருந்து மிஸ் லோக் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மேட்ரன் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அவள் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. நல்ல சூட்டில், இஞ்சியும் மீனும் போட்டு, மேலே எள்ளெண்ணெய் மினுங்கியது. வாசனை மூக்கில் ஏறியது. அவள் கிண்ணத்தை வாயருகே கொண்டுவரவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை.

மிஸ் லோக் அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தார். நல்ல கண்கள். போர்வையைத் தூக்கிப் பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒருவேளை தூக்கிப் பார்ப்பாள். ஒருவேளை கோப்பைத் திறந்து, சேர்ந்த இரண்டாம் நாள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, பரிவோடு தலையைத் தடவிக்கொடுப்பாள். அவள் போனபிறகு மேட்ரன் இங்கேதான் இருப்பாள்.

"நல்லா பார்த்துக்கறாங்க" என்றார் மிஸ் லோக்.

அதிகாரி சிரித்து, அதை எழுதிக்கொண்டு, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.